கோத்தகிரி குளிர்ல 7 வருஷம் பீரோவுல கிடந்த லேப்டாப்ல எலக்ட்ரம் வாலெட் – அஞ்சுக்கு நாலு ஸ்டார்

தமிழ்ல தேடிப் பார்த்தா எந்த காயின் வாங்கலாம், எப்போ ஏறும்னு சொல்றவங்கதான் வரிசையா வர்றாங்க, வாங்கி வெச்சதை ஒரு பழைய கம்ப்யூட்டர்ல இருந்து பத்திரமா வெளிய எடுக்கிறது எப்படின்னு ஒருத்தரும் சொல்லக் காணோம். நான் கோத்தகிரியில ஜெராக்ஸ், டிடிபி கடை வெச்சிருக்கேன், கம்ப்யூட்டர் ஓரளவு தெரியும், கிரிப்டோ சுத்தமா தெரியாது. மூணு வாரம் இதோட மல்லுக்கட்டி கத்துக்கிட்டதை அப்படியே எழுதறேன், யாருக்காவது உபயோகப்படும்.

என் தம்பி பெங்களூர்ல வேலை பார்க்கறான். 2017-ல எல்லாரும் வாங்குறாங்கன்னு அவனும் கொஞ்சம் பிட்காயின் வாங்குனான். அடுத்த வருஷம் 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டுச்சே ஞாபகம் இருக்கா, கிரிப்டோ வியாபாரத்துக்கு பேங்க் எதுவும் சேவை தரக்கூடாது, இருக்கிற தொடர்பை மூணு மாசத்துல முடிச்சுக்கணும்னு, அப்போ பயந்துபோய் எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது காயின் வாங்கி விக்கிற சைட்ல இருந்ததை பூரா எடுத்து தன்னோட லேப்டாப்ல எலக்ட்ரம்னு ஒரு வாலெட்ல (பிட்காயினுக்கான சாவியை வெச்சுக்கிற சாப்ட்வேர்) போட்டுட்டான். அந்த சுற்றறிக்கையை சுப்ரீம் கோர்ட் 2020 மார்ச் 4-ல ரத்து பண்ணிடுச்சு, ஆனா அதுக்குள்ள இவன் வேலை மாறி, கல்யாணம் ஆகி, புது லேப்டாப் வாங்கி, பழசை எங்க வீட்டு பீரோவுல வெச்சுட்டுப் போயிட்டான். போன ஐப்பசியில போன் பண்ணி "அக்கா, அந்த லேப்டாப்பை கொஞ்சம் எடுத்து ஆன் பண்ணிப் பாரேன்"னான். எவ்வளவு இருக்குன்னு இங்க எழுத மாட்டேன், நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.

லேப்டாப் 2010 மாடல். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. நம்ம ஊர் ஈரத்துல ஏழு வருஷம் கிடந்தா எப்படி இருக்கும், கீபோர்டு இடுக்குல எல்லாம் வெள்ளையா பூசணம், ஸ்கிரீன் ஓரத்துலயும் படர்ந்திருந்துச்சு. தென்மேற்கு மழை ஊட்டி, கூடலூர் பக்கம்தான் கொட்டும், தொட்டபெட்டா மறைச்சுக்குறதால எங்களுக்கு அவ்வளவு வராது, ஐப்பசி கார்த்திகைல வர்ற வடகிழக்கு மழைதான் கோத்தகிரிக்கு பெருசு, அந்த நேரம் பார்த்து இதைத் திறந்திருக்கேன். ரெண்டு நாள் துடைச்சு, வெயில் வந்தப்போ ஜன்னல் ஓரமா காயவெச்சு, அப்புறம்தான் கரண்ட் குடுத்தேன். நனைஞ்ச மெஷினை எடுத்தவுடனே ஆன் பண்ணிடாதீங்க, காயட்டும். லேப்டாப் பேட்டரி செத்துப்போச்சு, சார்ஜர் சொருகி இருந்தா மட்டும் ஓடுது.

விண்டோஸ் வந்துச்சு, எலக்ட்ரமும் திறந்துச்சு, ஆனா கீழ வலது மூலையில சிவப்பு வட்டம், "நாட் கனெக்டட்". அந்த வட்டம் பச்சையா இருந்தா சர்வரோட பேசுதுன்னு அர்த்தம், நீலமா இருந்தா ப்ராக்ஸி, அதாவது நடுவுல இன்னொரு கம்ப்யூட்டர் வழியா பேசுது, சிவப்புன்னா தொடர்பே இல்ல. தம்பி அந்தப் பக்கம் "எல்லாம் போச்சாக்கா"ன்னு கேக்குறான். இங்கதான் நிறைய பேர் பதறிடுறாங்க. பிட்காயின் அந்த லேப்டாப்புக்குள்ள இல்லவே இல்ல, அது உலகம் பூரா இருக்கிற பிளாக்செயின் பதிவேட்டுல இருக்கு, லேப்டாப்ல இருக்கறது அதைத் திறக்கிற சாவி மட்டும்தான். சாவி பத்திரமா இருந்தா சிவப்பு வட்டத்தைப் பார்த்து பயப்பட ஒண்ணுமில்ல.

முதல் காரணம் கண்ணு முன்னாடியே இருந்துச்சு, நான்தான் ஒரு நாள் கழிச்சு கவனிச்சேன். கடிகாரம் 2010 ஜனவரி 1-னு காட்டுது. மதர்போர்டுல ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், சிஆர்2032-னு, 3 வோல்ட், மெஷின் ஆஃப்ல இருந்தாலும் தேதி நேரத்தை ஓட்டறது அதுதான், அது தீர்ந்துபோனா தேதி பின்னாடி போயிடும். தேதிக்கும் வாலெட்டுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். எலக்ட்ரம் சர்வரோட பாதுகாப்பா பேச ஒரு சர்டிபிகேட் பார்க்கும், அதுல இந்த தேதியில இருந்து இந்த தேதி வரைக்கும் செல்லும்னு இருக்கும், மெஷின் 2010-ல இருக்கேன்னு நெனச்சுட்டிருந்தா அந்த சர்டிபிகேட் அதுக்கு இன்னும் பொறக்கவே இல்ல, அதனால தொடர்பை வெட்டிடும். பிரவுசர்ல கூட பாதி சைட் திறக்காம போறது இதனாலதான். கையால தேதி மாத்தலாம், ஆனா எங்க ஊர்ல மரம் விழுந்து கரண்ட் போறப்பல்லாம், பேட்டரி செத்த லேப்டாப் அணைஞ்சு மறுபடி 2010-க்கே போயிடும்.

அதனால பஸ் ஏறி குன்னூர் போனேன். பெட்போர்டு பக்கம் ஒரு சின்ன சர்வீஸ் கடை, பேர் வேணாம், வயசான ஒருத்தர் கண்ணுல வெச்சுப் பார்க்கிற ஒரு லூப் லென்ஸும் சால்டரிங் அயர்னும் வெச்சுட்டு உக்கார்ந்திருக்கார். அவருக்கு அஞ்சு ஸ்டார் தனியா குடுக்கணும். லேப்டாப்ல இந்த செல் நேரா சாக்கெட்டுல உக்காராது, ரெண்டு ஒயர் வெச்சு ஒரு உறைக்குள்ள சுத்தியிருக்கும், அந்த உறையைப் பிரிச்சு பழைய ஒயரையே புது செல்லுல வெச்சுத் தந்தார், உள்ள இருந்த பூசணத்தையும் பிரஷ்ல தட்டிவிட்டார். 150 ரூபாதான் வாங்குனார். முக்கியமா, உள்ள என்ன இருக்குன்னு அவர் கேக்கவே இல்ல, விண்டோஸ் பாஸ்வேர்டு போடற நேரத்துல தானா முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

இதுக்கு நேர் எதிரா கீழ ஊர்ல ஒரு இடத்துக்கு தம்பி போன் பண்ணியிருக்கான், "உங்க 12 வார்த்தையை வாட்சப்ல அனுப்புங்க மேடம், நாங்க இங்கிருந்தே ரெகவர் பண்ணித் தரோம், பர்சன்டேஜ் மட்டும் குடுங்க"ன்னு அவங்க எனக்கு போன் போட்டுப் பேசறாங்க. வாலெட்டை முதல்ல உண்டாக்கறப்போ எழுதி வெச்சுக்கச் சொல்லி அது குடுக்கிற அந்த 12 வார்த்தைதான் சாவியே. அதை அனுப்புன அடுத்த நிமிஷம் எல்லாம் அவங்களோடதாயிடும், போலீஸ்ல சொன்னாலும் திருப்பி வாங்குறது ரொம்ப கஷ்டம். எவ்வளவு மரியாதையா பேசுனாலும் அந்த வார்த்தையைக் கேக்கறவங்க போனை கட் பண்ணிடுங்க.

தேதி சரியாச்சு, வட்டம் இன்னும் சிவப்புதான். இப்போ ரெண்டாவது காரணம், பதிப்பு பழசு. அவன் போட்டிருந்தது 3.1.3. எலக்ட்ரமை தாமஸ் வோக்ட்லின்னு ஒருத்தர் 2011-ல ஆரம்பிச்சார், இலவசம், யாரும் உள்ள பார்க்கலாம்ங்கற ஓப்பன் சோர்ஸ். 2018 டிசம்பர்ல ஒரு பெரிய திருட்டு நடந்துச்சு. பணம் அனுப்பற நேரத்துல சர்வர் ஒரு பிழைச் செய்தி அனுப்பலாம், அதை அப்போ இருந்த வாலெட் அப்படியே திரையில காட்டும், திருடனுங்க தங்களோட சர்வர்களை நெட்வொர்க்ல விட்டு "புது பதிப்பு இங்க இருக்கு, இறக்கிக்கோங்க"ன்னு போலி லிங்க் காட்டுனாங்க, நம்பி இறக்குனவங்க பணம் போச்சு. 3.3.4-க்கு முந்தின எல்லா பதிப்புக்கும் இந்த ஆபத்து உண்டுன்னு எலக்ட்ரம் சைட்லயே எச்சரிக்கை போட்டிருக்காங்க. அந்தப் பழைய பதிப்புகளை நல்ல சர்வர்கள் வேணும்னே சேர்த்துக்கறதில்ல. தம்பி லேப்டாப்பை 2018 ஜூன்லயே மூடி வெச்சது அவனோட நல்ல நேரம், அந்த டிசம்பர்ல திறந்திருந்தா என்ன ஆகியிருக்குமோன்னு நெனச்சா எனக்கு இப்பவும் பதறுது.

சரி புது பதிப்பு போடலாம்னா விண்டோஸ் 7-ல ஓடாது. எலக்ட்ரம் பைத்தான்ல எழுதுனது, பைத்தான் 3.9-ல இருந்து விண்டோஸ் 7-ஐ கைவிட்டாச்சு, மைக்ரோசாப்டே 2020 ஜனவரி 14-ஓட விண்டோஸ் 7-க்கு பாதுகாப்பு அப்டேட் நிறுத்திடுச்சு. அப்படி ஒரு மெஷின்ல சாவியை வெச்சு நெட்டுல விடறதே தப்பு. அதனால விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ-ங்கற இலவச ஓஎஸ் போடலாம்னு முடிவு பண்ணுனேன், 2 ஜிபி ராமுக்கு அது போதும்.

ஆனா அதுக்கு முன்னாடி வாலெட் கோப்பை எடுத்தாகணும், இதை மறந்தா வருஷக்கணக்கா அழ வேண்டியதுதான். சி டிரைவ்ல யூசர்ஸ், உங்க யூசர் பேரு, அதுக்குள்ள ஆப்டேட்டா, ரோமிங், எலக்ட்ரம், வாலெட்ஸ்னு போனா டீபால்ட் வாலெட்னு ஒரு சின்ன கோப்பு இருக்கும். ஆப்டேட்டா ஃபோல்டர் மறைஞ்சிருக்கும், ஹிட்டன் ஃபைல்ஸ் காட்டுன்னு ஆன் பண்ணணும். அதை ரெண்டு பென்டிரைவ்ல காப்பி எடுத்தேன், ஒண்ணு போனா ஒண்ணு. புது எலக்ட்ரம்ல அந்தக் கோப்பைத் திறந்தா அது புது அமைப்புக்கு மாறிடும், அப்புறம் பழைய பதிப்புல திறக்காது, அதனால ஒரு காப்பியை தொடாமலே வெச்சிடுங்க.

மின்ட் கோப்பு 3 ஜிபி கிட்ட வரும், எங்க ஊர் நெட்டுல பகல்ல நடக்காத காரியம், ராத்திரி போட்டுட்டு தூங்கிட்டேன், காலையில வர்க்கியும் டீயுமா உக்கார்ந்து இன்ஸ்டால் பண்ணுனேன். எலக்ட்ரம் லினக்ஸுக்கு ஆப்இமேஜ்னு ஒரே கோப்பா வருது, இன்ஸ்டால் எதுவும் வேணாம், ப்ராபர்ட்டீஸ்ல போய் இதை ஓட்ட அனுமதின்னு ஒரு டிக் போட்டா திறக்கும். இறக்கறது எலக்ட்ரம் டாட் ஓஆர்ஜி சைட்ல மட்டும், தேடல்ல மேல விளம்பரமா வர்றதைத் தொடாதீங்க, அதே மாதிரி பேருல போலி நிறைய. இறக்குன கோப்போட கூடவே ஒரு கையெழுத்து கோப்பும் அங்கேயே இருக்கும், ஜிபிஜின்னு கையெழுத்தை சோதிக்கிற ஒரு ப்ரோக்ராம் வெச்சு சரிபார்த்தா இது வோக்ட்லின் கையெழுத்து போட்டதுதான், நடுவுல யாரும் மாத்தலன்னு தெரியும். மின்ட்ல ஜிபிஜி கூடவே வருது. எனக்கு அந்த கமாண்ட் புரிய ஒரு மணி நேரம் ஆச்சு, ஆனாலும் இதை விடாதீங்க, பணம் விஷயம்.

அப்புறம் வைஃபையை அணைச்சுட்டு வாலெட்டைத் திறந்தேன். உள்ள இருக்கிற சாவியை எடுக்கப் போனா வாலெட் பாஸ்வேர்டு கேட்டுச்சு. தம்பி சொன்ன எட்டும் தப்பு. இதுல "பாஸ்வேர்டு மறந்துட்டீங்களா" பட்டன் எல்லாம் கிடையாது. மிச்சம் இருக்கறது 12 வார்த்தை எழுதுன தாள். அது எங்க அம்மாவோட பழைய டைரிக்குள்ள இருந்துச்சு, ஜெல் பேனாவுல எழுதியிருக்கான், ஈரத்துல மை பரவி ஒன்பதாவது வார்த்தை நீலக் கறையா ஆயிடுச்சு. முதல் ரெண்டு எழுத்து மட்டும் தெரியுது.

எலக்ட்ரம் மேல எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்துலதான். வார்த்தைகள் எல்லாம் 2048 இங்கிலீஷ் வார்த்தை இருக்கிற ஒரே பட்டியல்ல இருந்துதான் வரும், அதுல எந்த வார்த்தையும் முதல் நாலு எழுத்துலயே மத்ததுல இருந்து தனியா தெரிஞ்சிடும். ரெண்டு எழுத்து அடிச்சதுமே அதுவே மிச்ச வார்த்தைகளை எடுத்துக் குடுக்குது. இருபது, இருபத்தஞ்சு இருக்கும், ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தேன். தப்பான வார்த்தை போட்டா நெக்ஸ்ட் பட்டன் மங்கலாவே இருக்கும், ஏன்னா வார்த்தைகளுக்குள்ளயே ஒரு சரிபார்ப்பு ஒளிஞ்சிருக்கு, சும்மா ஏதோ 12 வார்த்தை போட்டா 256-ல ஒரு தடவைதான் தப்பித்தவறி ஏத்துக்கும். பதினோராவது வார்த்தைக்கு பட்டன் திறந்துச்சு, சீட் டைப் ஸ்டாண்டர்டுன்னு காட்டுச்சு (சீட்னா இந்த 12 வார்த்தைதான்). 256-ல ஒண்ணு பொய்யாவும் இருக்கலாமேன்னு, 2018-ல எக்ஸ்சேஞ்ச் அனுப்புன மெயிலை தம்பியைத் தேட சொன்னேன், அதுல இருந்த பிட்காயின் அட்ரஸும் (பேங்க் அக்கவுண்ட் நம்பர் மாதிரி) இதுல வந்த முதல் அட்ரஸும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்துச்சு. அவன் போன்ல பேசவே இல்ல கொஞ்ச நேரம். நானும்தான்.

ஒரு விஷயம், போன் வாலெட்லயோ ஹார்டுவேர் வாலெட்லயோ (சாவிக்குன்னே இருக்கிற சின்ன கருவி) வந்து எழுதி வெச்ச வார்த்தைகளை இதுல நேரா போட்டா சரியா இருந்தாலும் நெக்ஸ்ட் திறக்காது, ஆப்ஷன்ஸ்ல பிப்39-னு மாத்தணும், மத்த வாலெட்கள் பெரும்பாலும் வார்த்தை உண்டாக்கற முறை அது. வார்த்தை தப்புன்னு நெனச்சு தாளைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க.

லேப்டாப்பை அதுக்கப்புறம் நெட்டுல விடவே இல்ல. வாலெட் இன்ஃபர்மேஷன்ல மாஸ்டர் பப்ளிக் கீன்னு ஒண்ணு இருக்கும், அதை மட்டும் எடுத்து கடையில நான் கணக்கு பார்க்கிற கம்ப்யூட்டர்ல போட்டு பார்க்க மட்டும் முடியுற வாலெட் ஒண்ணு உண்டாக்குனேன். அதுல இருந்து பணம் அனுப்ப முடியாது, ஆனா அந்த கீ கிடைச்சவங்க இருப்பு பூராவும் பார்க்கலாம், அதனால அதையும் கண்ட இடத்துல வைக்கக்கூடாது. அங்கயும் சிவப்பு வட்டம்! இந்த தடவை காரணம் நெட். எலக்ட்ரம் சர்வர்கள் பெரும்பாலும் 50002-ங்கற போர்ட்ல, அதாவது நெட்டுல அந்த நம்பர் வாசல்ல பேசும், சில கனெக்ஷன்ல அது அடைபட்டிருக்கும். போன் ஹாட்ஸ்பாட்ல போட்டதும் பச்சை ஆயிடுச்சு. அதுலயும் வரலன்னா அந்த வட்டத்தை க்ளிக் பண்ணி தானா சர்வர் எடுக்கறதை நிறுத்திட்டு பட்டியல்ல இருந்து வேற ஒண்ணை எடுத்துப் பாருங்க.

இருப்பு வந்துச்சு, தம்பிக்கு போட்டோ அனுப்புனா "ஆயிரம் மடங்கு ஜாஸ்தியா காட்டுதே"ன்னு கத்துறான். அது மில்லி பிட்காயின்ல காட்டுது, 0.02 இருந்தா 20-னு வரும், ப்ரிஃபரன்சஸ்ல மாத்திக்கலாம்.

அனுப்பறதையும் சோதிச்சோம். கடை கம்ப்யூட்டர்ல கையெழுத்து இல்லாத பரிவர்த்தனை தயார் பண்ணி, பென்டிரைவ்ல எடுத்துப் போய் லேப்டாப்ல கையெழுத்து போட்டு, திரும்பக் கொண்டு வந்து நெட்டுல விட்டோம். க்யூஆர்லயும் செய்யலாம், ஆனா அந்தப் பழைய கேமராவுக்கு அவ்வளவு நெருக்கமான க்யூஆர் புடிபடல. இந்த வசதி 4.0 பதிப்புல இருந்து நல்லா வேலை செய்யுது. 2 ஜிபி ராம் லேப்டாப்பை தூக்கிப் போடாம இப்படி நெட்டே தொடாத சாவிப்பெட்டியா வெச்சுக்கறது எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.

பிட்காயின் கோர் போடுங்கன்னு தம்பியோட நண்பர் ஒருத்தர் சொன்னார். அது முழு பதிவேட்டையும் தானே இறக்கி சரிபார்க்கும், யாரையும் நம்ப வேண்டியதில்ல, அது உண்மைதான். ஆனா பதிவேடு இப்போ 600 ஜிபிக்கும் மேல, எங்க டிஸ்க்கே 320. ப்ரூன்னு ஒரு அமைப்பு வெச்சா குறைஞ்சது 550 எம்பி அளவுக்கு கடைசி பிளாக்குகளை (பதிவேட்டோட பக்கங்கள் மாதிரி) மட்டும் வெச்சுக்கும், ஆனா ஒரு தடவை மொத்தத்தையும் இறக்கித்தான் ஆகணும். இந்த மலையில, இந்த நெட்டுல, இந்த ராம்ல முடியாது. எலக்ட்ரம் ஒவ்வொரு பிளாக்கோட 80 பைட் தலைப்பை மட்டும் வெச்சு சமாளிக்குது. அதுக்கு விலையா சர்வர் நடத்தறவங்களுக்கு நம்ம அட்ரஸ் எல்லாம் தெரிஞ்சிடும், ஒரு ஸ்டார் குறைச்சது அதுக்காகவும், சிவப்பு வட்டம் எதனால சிவப்புன்னு புரியற மாதிரி சொல்லாததுக்காகவும்தான். அப்புறம் இது பிட்காயினுக்கு மட்டும், வேற காயின் வெச்சிருக்கிறவங்களுக்கு உதவாது.

விக்கிற எண்ணம் இருக்கறவங்க, 2022 ஏப்ரல் 1-ல இருந்து லாபத்துல 30 சதவீதம் வரி, அந்த வருஷம் ஜூலை 1-ல இருந்து 1 சதவீதம் டிடிஎஸ், அதையும் மனசுல வெச்சுக்கோங்க. தம்பி இப்போதைக்கு விக்கல. அவனோடது 1-ல ஆரம்பிக்கிற பழைய மாதிரி அட்ரஸ், அப்போ நிறைய எக்ஸ்சேஞ்ச் பிசி1-னு ஆரம்பிக்கிற புது மாதிரி அட்ரஸுக்கு அனுப்பாதுங்கறதால அப்படி எடுத்திருக்கான். அனுப்பற கட்டணம் பரிவர்த்தனையோட அளவை வெச்சுத்தான், பழைய மாதிரில ஒரு உள்ளீட்டுக்கு (முன்னாடி வந்த காயினை எடுத்துச் செலவழிக்கிற பகுதி) 148 பைட் கிட்ட ஆகும், பிசி1-ல 68 கிட்டதான், அந்தப் பகுதிக்கான கட்டணம் பாதிக்கும் கீழ வரும். கட்டணம் குறைவா இருக்கிற ஒரு நாள்ல மாத்திடலாம்னு இருக்கோம்.

அதுக்காக உண்டாக்குன புது வாலெட்டுக்கு வந்த 12 வார்த்தையை பென்சில்ல எழுதியிருக்கேன், பென்சில் ஈரத்துல பரவாது. ஒரு தாள் இங்க எவர்சில்வர் டப்பாவுல, இன்னொண்ணு அரவேணுல அம்மா வீட்டுல. லேப்டாப் மறுபடி பீரோவுலதான், ஆனா இந்த தடவை சிலிக்கா பாக்கெட் நாலு போட்டு.